சிபாரிசும் ஜாமீனும்

கடைவீதியில் நாள்தோறும் நாம் வழங்கும் சொற்களுள் இரண்டு, நெடுந்தொலைவு பயணம் செய்து தமிழுக்கு வந்தவை. 'சிபாரிசு' பாரசீகத்திலிருந்து வந்தது. 'ஜாமீன்' அரபு வேரிலிருந்து பிறந்தது. ஒருவரைப் பற்றி மற்றொருவரிடம் நல்ல சொல் சொல்வது சிபாரிசு. அவர் தவறினால் அந்த இழப்புக்கு நான் பொறுப்பு என்று முன்வந்து நிற்பது ஜாமீன். முன்னதற்கு நா மட்டும் போதும். பின்னதற்குக் கைப்பொருளும் வேண்டும், நெஞ்சுரமும் வேண்டும்.

இந்த இரு சொற்களையும் நினைக்க வைத்தது ஒரு புதிய வழக்கம். இன்று கடலூர், சிதம்பரம் போன்ற நகரங்களிலும் வணிகர்கள் வாரத்தில் ஒரு நாள், கதிரவன் எழும் வேளையில், உணவு விடுதியின் மாடியிலோ மண்டபத்திலோ கூடுகின்றனர். அச்சகத்தார், கட்டடப் பொறியாளர், கணக்குத் தணிக்கையாளர், மின்பொருள் விற்பவர், மருந்துக்கடை நடத்துபவர் என ஒரு தொழிலுக்கு ஒருவராக அமர்கின்றனர். ஒவ்வொருவரும் எழுந்து தம் தொழிலைச் சுருக்கமாக எடுத்துரைக்கிறார். பின்னர், இன்னாருக்கு இன்ன வேலை தேவைப்படுகிறது, உங்களைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன் என்று ஒருவர் மற்றொருவருக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கிறார். சிபாரிசே அந்தக் கூட்டத்தின் நாணயம்.

இது அமெரிக்காவிலிருந்து வந்த புதுமை என்று சிலர் வியக்கின்றனர். வெறும் விளம்பர வேலை என்று சிலர் ஒதுக்குகின்றனர். இரண்டும் முழு உண்மையல்ல. இந்தச் சீட்டின் முன்னோர்கள் நம் கடற்கரையில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்தவர்கள். அவர்கள் எதனால் வளர்ந்தார்கள், எதனால் தேய்ந்தார்கள் என்று அறிந்துகொண்டால், இன்றைய சீட்டின் மதிப்பும் விளங்கும். அதன் ஆபத்தும் விளங்கும்.

கையொப்பமிட்ட சாட்சிகள்

இடைக்காலத் தமிழகத்தில் வணிகர் தனித்து வாழவில்லை; குழுவாக வாழ்ந்தனர். மணிக்கிராமம், அஞ்சுவண்ணம், திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் பெயர்களைக் கல்வெட்டுகள் நமக்குக் காட்டுகின்றன. இவற்றுள் அஞ்சுவண்ணம் என்பது மேற்காசியாவிலிருந்து வந்த வணிகர்களின் குழு என்று ஆய்வாளர் கருதுகின்றனர். கி.பி. 849-ஆம் ஆண்டைச் சேர்ந்த கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேடு, அஞ்சுவண்ணத்தையும் மணிக்கிராமத்தையும் ஒருங்கே குறிப்பிடுகிறது. அச்செப்பேட்டின் இறுதியில் சாட்சிகள் கையொப்பமிட்டுள்ளனர். கூஃபி எழுத்தில் அரபுப் பெயர்கள் உள்ளன. பஹ்லவி எழுத்திலும் எபிரேய எழுத்திலும் பெயர்கள் உள்ளன. தமிழ் நிலத்தின் ஓர் ஆவணத்துக்குப் பல சமயத்தவர், பல மொழியினர் சாட்சி நின்ற காட்சி இது. வணிகத்தின் முதல் மூலதனம் பொன்னன்று, சாட்சி என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமா?

ஐந்நூற்றுவரோ கடல் கடந்தனர். சுமத்திரா தீவின் மேற்குக் கரையில், பாரூஸ் நகருக்கு அருகிலுள்ள லோபு துவாவில் அவர்களுடைய தமிழ்க் கல்வெட்டு கிடைத்துள்ளது. அதன் ஆண்டு 1088. அங்கு வந்து இறங்கும் கப்பல் வணிகர் செலுத்த வேண்டிய தொகையை அக்கல்வெட்டு வரையறுக்கிறது. குழுவில் சேர்ந்தவனுக்குப் பாதுகாப்பு உண்டு. அதற்கு ஈடாகக் கடமையும் உண்டு. சிதம்பரம் கோயிலில் முதலாம் குலோத்துங்கன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, காம்போச நாட்டு மன்னன் அனுப்பிய கல்லைப் பற்றிக் கூறுகிறது. அதன் ஆண்டு 1114. தில்லைக்கும் கீழ்த்திசை நாடுகளுக்கும் இடையே இத்தகைய தொடர்பு நிலவியது என்றால், அதற்குக் கடல்வழி வணிகம் துணை நின்றிருக்கும் என்று கொள்வதில் தவறில்லை.

மஹ்மூத் பந்தர்

சிதம்பரத்துக்குக் கிழக்கே, கடலூருக்குத் தெற்கே, வெள்ளாறு கடலோடு கலக்குமிடத்தில் இருக்கிறது பரங்கிப்பேட்டை. போர்த்துகீசியர் அதனைப் போர்ட்டோ நோவோ, அதாவது புதுத் துறைமுகம், என்றனர். முஸ்லிம்கள் மஹ்மூத் பந்தர் என்றனர். பதினேழாம் நூற்றாண்டில் இத்துறைமுகத்திலிருந்து மரக்காயர்களின் கப்பல்கள் அச்சே, கெடா, தெனாசரிம், மலாக்கா முதலிய துறைகளுக்குச் சென்று வந்தன. போகும்போது துணி, வரும்போது தகரம், மிளகு, பாக்கு, நறுமணப் பொருள்கள், யானைகள். ஐரோப்பியரின் ஏடுகளில் இவ்வணிகர் 'சூலியா' என்று குறிக்கப்படுகின்றனர். மலாய் நாட்டு அரசவைகளில் இவர்களுக்குத் தனிச் செல்வாக்கு இருந்தது. கெடாவில் அரசரின் வணிகப் பொறுப்பாளராகவே சூலியர் அமர்ந்ததுண்டு.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. கப்பல் புறப்பட்டபின் திரும்பி வரப் பல மாதங்கள் ஆகும். காற்று மாறும்வரை அக்கரையிலேயே காத்திருக்க வேண்டும். தந்தி இல்லை, வங்கி இல்லை, அக்கரையின் நீதிமன்றத்தில் இக்கரை வணிகனின் குரல் எடுபடுமா என்பதற்கு உறுதியும் இல்லை. அப்படியிருக்க, கப்பலில் ஏறாத ஒருவர், ஏறிய ஒருவரிடம் தம் துணிமூட்டைகளை எந்தத் துணிவில் ஒப்படைத்தார்?

சொல்லின் துணிவில் ஒப்படைத்தார். இன்னாருடைய மருமகன், இன்னாரிடம் கணக்கு எழுதியவர், இன்னாருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றியவர் என்னும் சொல்லே அன்றைய சான்றிதழ். இந்த வழி இஸ்லாமிய மரபுக்குப் புதிதன்று. ஒருவர் முதல் தர, மற்றவர் உழைப்பைத் தர, இலாபத்தைப் பகிர்ந்துகொள்ளும் முழாரபா முறை அரபு வணிகத்தில் தொன்மையானது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாய்மையைக் கேள்வியுற்றுத்தான் அன்னை கதீஜா (ரலி) அவர்கள் தம் வணிகப் பொருள்களை அவர்களிடம் ஒப்படைத்து ஷாம் நாட்டுக்கு அனுப்பினார்கள். நற்பெயரே அங்கு சிபாரிசாக நின்றது. ஆயினும் நற்பெயர் ஒன்றே போதும் என்று மார்க்கம் விட்டுவிடவில்லை. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம், கடனை எழுதி வைத்து சாட்சிகளை ஏற்படுத்திக்கொள்ளுமாறு பணிக்கும் வசனமே. நம்பிக்கையும் எழுத்தும் ஒன்றுக்கொன்று பகையல்ல, துணை.

கெய்ரோவில் கிடைத்த கடிதங்கள்

இத்தகைய நம்பிக்கை வலை எப்படி இயங்கியது என்பதைக் கண்ணாடிபோல் காட்டும் கடிதங்கள் எகிப்தில் கிடைத்துள்ளன. பழைய கெய்ரோவின் ஃபுஸ்தாத் பகுதியிலுள்ள யூதக் கோயில் ஒன்றின் அறையில் ஆயிரக்கணக்கான பழந்தாள்கள் குவிந்து கிடந்தன. 1896-97-ஆம் ஆண்டுகளில் அவற்றுள் பெரும்பகுதி கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. பதினோராம், பன்னிரண்டாம் நூற்றாண்டுகளில் அரபு நாடுகளில் வாழ்ந்த யூத வணிகரின் கடிதங்கள் அவற்றுள் ஏராளம். மங்களூரில் தங்கி வணிகம் செய்த ஆபிரகாம் பென் யிஜுவின் கடிதப் போக்குவரத்தும் அவற்றுள் அடங்கும்.

இக்கடிதங்களை ஆராய்ந்த அவ்னர் கிரெய்ஃப் என்னும் பொருளியல் அறிஞர், 1989-இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்காட்டினார். 1055-ஆம் ஆண்டளவில் ஜெரூசலத்தில் இருந்த முகவர் ஒருவர் மக்ரிபு வணிகர் ஒருவரின் பணத்தைக் கையாடிவிட்டார் என்ற செய்தி பரவியது. உடனே சிசிலித் தீவில் இருந்த வணிகர்கள்கூட அவருடன் கொண்ட முகவர் உறவை முறித்துக்கொண்டனர். ஏமாற்றப்பட்டவர் ஒருவர், கதவடைத்தவர்களோ பலர். ஒருவரை ஏமாற்றினால் எல்லாரையும் இழக்க வேண்டும் என்னும் அச்சமே அந்த வலையின் காவலன். வழக்குமன்றங்களும் இவ்வணிகருக்குத் துணைநின்றன என்று பிற்கால ஆய்வாளர் சிலர் மறுத்துரைத்ததும் உண்டு. இரண்டும் சேர்ந்தே இயங்கின என்று கொள்வதே பொருத்தம். ஊர்ச்சொல்லும் வேண்டும், எழுதிய சட்டமும் வேண்டும்.

கடலூரில் பூட்டப்பட்ட கூட்டு

இனிக் கடலூருக்கு வருவோம். 1690-இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி, செஞ்சியிலிருந்த மராட்டியரிடமிருந்து தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டுக் குண்டு விழுந்த தொலைவுவரை எல்லை என்று வகுத்துக்கொண்டது. அவ்வெல்லைக்குள் அடங்கிய ஊர்கள் குண்டு கிராமங்கள் எனப்பட்டன. அக்கோட்டையே புனித டேவிட் கோட்டை.

கம்பெனிக்குத் துணி வேண்டும். நெசவாளிக்கு முன்பணம் வேண்டும். இடையில் நின்றவர்கள் உள்ளூர் வணிகர்கள். பெரும்பாலும் தமிழ், தெலுங்குச் செட்டி வணிகர்கள். வாங்கிய முன்பணத்துக்கு ஒரு வணிகர் துணி தராமல் போனால் கம்பெனிக்கு இழப்பு. அதற்குக் கம்பெனி ஒரு வழி கண்டது. டச்சுக்காரர் முன்பே கையாண்ட முறையைப் பின்பற்றி, 1680-களில் சென்னையில் வணிகர்களைப் பங்குகளின் அடிப்படையில் ஒரே கூட்டாக இணைத்தது. கடலூரிலும் அம்முறை பரவியது. ஒருவர் தவறினால் கூட்டிலுள்ள அனைவரும் பொறுப்பு. தலைமை வணிகர் முன்பணத்தைப் பகிர்ந்தளிப்பார். துணியைத் திரட்டிக் கொடுப்பார்.

மேலோட்டமாகப் பார்த்தால் இதுவும் ஜாமீன்தான். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. மரக்காயர்களின் ஜாமீன் உள்ளிருந்து முளைத்தது. இது வெளியிலிருந்து பூட்டப்பட்டது. யாருக்கு ஜாமீன் நிற்கிறோம் என்பதைத் தாமே தேர்ந்துகொள்ளும் உரிமை குறைந்தபோது, ஒருவரின் கடன் எல்லாரின் சுமையாயிற்று. நிலுவைகள் பெருகின, நாளடைவில் அக்கூட்டுகள் தளர்ந்து மறைந்தன. கட்டாயத்தின் பேரில் பிறக்கும் நம்பிக்கை நீடிப்பதில்லை என்பதற்குக் கடலூரின் வரலாறு ஒரு பாடம்.

பதினெட்டாம் நூற்றாண்டின் போர்கள் இக்கரையை உலுக்கின. 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி புனித டேவிட் கோட்டையைக் கைப்பற்றினார். 1781 ஜூலை முதல் நாள், பரங்கிப்பேட்டையில் ஹைதர் அலியின் படையும் சர் அயர் கூட்டின் படையும் மோதின. 1783-இல் கடலூர் மீண்டும் முற்றுகையைக் கண்டது. நெசவாளர் சிதறினர். கம்பெனியின் கை ஓங்கியது. நம்பிக்கை எவ்வளவு உறுதியானதாயினும் பீரங்கிக்கு முன் அது கேடயமாகாது. இதையும் நாம் மறைக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பினாங்கில் ஒரு கப்பித்தான்

கரை குலைந்தபோதும் வலை அறுந்துவிடவில்லை, அது இடம்பெயர்ந்தது. 1786-இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் ஆங்கிலக் குடியேற்றத்தை நிறுவினார். 1794-இல் அவர் எழுதிய அறிக்கையின்படி, அங்கு தங்கியிருந்த சூலியர் ஆயிரத்துக்கு மேற்பட்டோர். ஆண்டுதோறும் கப்பல்களில் வந்து, சிறிது பொருளீட்டி ஊர் திரும்பியவர்கள் 1,300 முதல் 2,000 பேர். ஒருவர் திரும்ப, அவர் இடத்தில் மற்றொருவர் வந்தார். அந்த மற்றொருவர் யார்? முன்னவரின் தம்பி, மைத்துனர், அடுத்த வீட்டுப் பிள்ளை. 'சபுராளி' என்று நம் கரையூர்களில் வழங்கும் சொல்லுக்குப் பின்னால் இப்படி எத்தனையோ சிபாரிசுகள் அடுக்கடுக்காக நிற்கின்றன.

அங்கே சூலியரின் தலைவராக, 'கப்பித்தான் கெலிங்' என்னும் பட்டத்துடன் விளங்கிய காதிர் முஹ்யித்தீன், பரங்கிப்பேட்டையிலிருந்து சென்றவர். 1801-இல் அரசு வழங்கிய நிலத்தில் எழுந்த பள்ளிவாசல் இன்றும் அவருடைய பட்டப்பெயராலேயே வழங்குகிறது. கப்பித்தான் என்றால் வெறும் பெருமைப் பட்டமன்று. தம் மக்களின் நடத்தைக்கு அரசின்முன் பதில் சொல்லும் பொறுப்பு. சிபாரிசு செய்தவரே ஜாமீனும் நின்ற நிலை அது. சிங்கப்பூரிலும் இதே வழி தொடர்ந்தது. 1826-இல் சூலியா பள்ளி எனப்படும் ஜாமிஆ பள்ளி நிறுவப்பட்டது. தொடர்ந்து 1828-30-ஆம் ஆண்டுகளில் நாகூர் தர்காவின் நினைவுக் கட்டடம் எழுந்தது. கப்பலிலிருந்து இறங்கிய புதியவனுக்கு, ஊர்க்காரரைக் காணலாம் என்று நம்பிச் செல்ல ஓர் இடம் கிடைத்தது.

ஆனால் இக்கதையின் பிற்பகுதியையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. கப்பித்தான் பள்ளிக்குரிய வக்ஃபு நிலங்கள் பிற்காலத்தில் சரிவரப் பேணப்படவில்லை. கணக்குகள் குழம்பின, வழக்குகள் எழுந்தன. இறுதியில் 1905-இல் நீரிணைக் குடியேற்ற அரசு சட்டம் இயற்றி, முஸ்லிம், இந்து அறநிலையங்களைக் கவனிக்க ஒரு வாரியத்தை ஏற்படுத்தியது. நம்பிக்கையால் எழுந்த செல்வம், எழுத்துக் கணக்கு இல்லாமையால் அயலார் கையில் போய் நின்றது. கடனை எழுதி வைக்குமாறு பணித்த வேதத்தை உடைய சமுதாயத்துக்கு இது எத்துணை பெரிய எச்சரிக்கை!

அதே 1905-இல்

அதே 1905-ஆம் ஆண்டு பிப்ரவரி 23-ஆம் நாள், அமெரிக்காவின் சிகாகோ நகரில் நால்வர் ஓர் அறையில் கூடினர். ஒருவர் வழக்கறிஞர் பால் ஹாரிஸ். மற்றவர்கள் ஒரு நிலக்கரி வணிகர், ஒரு சுரங்கப் பொறியாளர், ஒரு தையற்காரர். அதுவே ரோட்டரி சங்கத்தின் தொடக்கம். ஒரு தொழிலுக்கு ஒருவர் என்பதும், உறுப்பினர் தமக்குள் வணிகத்தைப் பகிர்ந்துகொள்வதும் அன்றைய நோக்கங்கள். யார் யாருக்கு எவ்வளவு வணிகம் கொடுத்தார் என்று பதிவுசெய்ய ஒரு கணக்காளரும் இருந்தார்.

அடுத்த ஆண்டில் டொனால்டு கார்ட்டர் என்னும் வழக்கறிஞரைச் சங்கத்தில் சேர அழைத்தனர். தம் உறுப்பினர்க்கு மட்டுமே பயன்படும் சங்கத்துக்கு நீண்ட வாழ்வில்லை என்று கூறி அவர் மறுத்துவிட்டார். அந்த மறுப்பு சங்கத்தாரைச் சிந்திக்க வைத்தது. நகரத்துக்குத் தொண்டு செய்வதும் நோக்கங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது; கார்ட்டரும் சேர்ந்தார். சிகாகோ நகரில் பொதுக் கழிப்பிடம் அமைக்கப் பாடுபட்டதே அச்சங்கத்தின் தொடக்ககாலத் தொண்டு. தமக்குள் வணிகம் கொடுத்து வாங்கும் பழைய ஏற்பாடு சில ஆண்டுகளில் மெல்ல மறைந்தது, தொண்டு நிலைத்தது, சங்கம் உலகெங்கும் பரவியது. 1929-இல் சென்னையிலும் அதன் கிளை தோன்றியது.

ரோட்டரி கைவிட்ட அந்தப் பழைய ஏற்பாட்டை எண்பது ஆண்டுகளுக்குப் பின் வேறொருவர் கையிலெடுத்தார். கலிபோர்னியாவைச் சேர்ந்த நிர்வாக ஆலோசகர் ஐவன் மிஸ்னர், முக்கிய வாடிக்கையாளர் ஒருவரை இழந்த நெருக்கடியில், 1985-இல் நண்பர்களைத் திரட்டி ஒருவருக்கொருவர் சிபாரிசு செய்யும் குழுவை அமைத்தார். அதுவே இன்று 'பி.என்.ஐ.' என்னும் பெயரில் 70-க்கும் மேற்பட்ட நாடுகளில் கிளை பரப்பியுள்ளது. கொடுப்பவனே பெறுவான் என்பது அதன் கொள்கை. ஆக, விடியற்காலைச் சீட்டு அங்கிருந்து வந்தது உண்மை. அது நமக்குப் புதியது என்பது மட்டும் உண்மையன்று.

இன்றைய சீட்டுக்கு மூன்று கேள்விகள்

ஒருவர் தரும் சிபாரிசுச் சீட்டைக் கையில் வாங்கும்போது, வரலாறு நம் பின்னால் நின்று மூன்று கேள்விகளைக் கேட்கிறது.

முதற் கேள்வி: இச்சீட்டை எழுதியவர், வேலை கெட்டுப்போனால் என்ன இழப்பார்? ஒன்றும் இழக்கமாட்டார் எனில் அது ஜாமீன் அன்று, வெறும் சிபாரிசு. 1970-களில் வளைகுடா நாடுகளுக்கு நம் இளைஞர்கள் செல்லத் தொடங்கியபோது இந்த வேறுபாட்டை நம் வீடுகள் கண்ணாரக் கண்டன. விசா எடுத்துக் கொடுத்த உறவினர், போய்ச் சேர்ந்தவனுக்கு வேலை இல்லையென்றால் தம் அறையில் தங்கவைத்துச் சோறு போட்டார். காசு வாங்கிக்கொண்டு அனுப்பிய தரகரோ முகவரியை மாற்றிக்கொண்டார். 1983-இல் இந்திய அரசு இயற்றிய குடிபெயர்வுச் சட்டம், ஆள் அனுப்பும் முகவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும், பிணைத்தொகை கட்ட வேண்டும் என்று விதித்தது. சிபாரிசு செய்பவன் ஜாமீனும் கட்டட்டும் என்பதே அச்சட்டத்தின் உட்பொருள்.

இரண்டாவது கேள்வி: கணக்கு எழுதப்படுகிறதா? சீட்டுகளின் எண்ணிக்கையை மட்டும் எழுதினால் போதாது. வாரந்தோறும் இத்தனை சீட்டு தர வேண்டும் என்ற நெருக்கடி வந்தால், தேவையில்லாதவரிடமும் ஆளை அனுப்பிவைக்கும் பழக்கம் முளைக்கும். எத்தனை சீட்டு என்பதைவிட, எத்தனை வேலை செம்மையாக முடிந்தது, எத்தனை வாடிக்கையாளர் மீண்டும் வந்தார் என்பதே எழுத வேண்டிய கணக்கு.

மூன்றாவது கேள்வியே மிகப் பெரியது: கதவு யாருக்குத் திறந்திருக்கிறது? ஒரு தொழிலுக்கு ஒருவர் என்னும் விதி உள்ளே இருப்பவருக்கு இனிக்கும். வெளியே நிற்கும் இரண்டாவது அச்சகத்தாருக்கு அது அடைத்த கதவு. ஆண்டுச் சந்தா செலுத்த இயலாத சிறு கடைக்காரருக்கும், வீட்டிலிருந்தே தையல் தொழில் நடத்தும் பெண்ணுக்கும், முதல் தலைமுறையாகப் படித்துத் தொழில் தொடங்கும் இளைஞனுக்கும் அந்த மாடிப்படி உயரமானது. அன்றைய மரக்காயர் வலையும் இக்குறைக்கு விலக்கன்று. உறவுக்குள்ளேயே சுழன்ற சிபாரிசு, உறவில்லாத திறமைசாலியைத் துறைமுகத்திலேயே நிறுத்தியதும் உண்டு. இதை நாம் நம்மைப் பார்த்தே கேட்டுக்கொள்ள வேண்டும். நம் கடையில் வேலைக்கு ஆள் எடுக்கும்போது, யாருடைய பிள்ளை என்று கேட்கிறோமா, என்ன தெரியும் என்று கேட்கிறோமா?

விடையும் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கடலூர்க் கரையைத் தாக்கியபோது, பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் வீடிழந்து வந்த மீனவ மக்களுக்கு உணவும் தங்குமிடமும் தந்தனர். வந்தவர்களுள் பெரும்பாலோர் வேறு சமயத்தவர். ஜமாஅத்தின் எந்த ஏட்டிலும் பெயர் இல்லாதவர்கள். யாரிடம் அரிசி இருக்கிறது, யாரிடம் வாகனம் இருக்கிறது, யார் சொன்னால் யார் வருவார் என்பதெல்லாம் நூற்றாண்டுக்கணக்கான பழக்கத்தில் அறிந்த ஊர் அது. தமக்கெனப் பின்னிய வலை அந்த நாளில் பிறரைத் தாங்கியது. யாரும் அவர்களிடம் சிபாரிசுச் சீட்டுக் கேட்கவில்லை.

எனவே, விடியற்காலையில் கூடும் வணிகர்களை நாம் ஏளனம் செய்ய வேண்டியதில்லை. நம் பிள்ளைகள் அங்கே போகட்டும், தொழில் கற்கட்டும், கூச்சம் நீங்கிப் பேசட்டும். ஆனால் சீட்டில் ஒரு பெயரை எழுதுமுன், அந்தப் பெயருக்குக் கீழே தம் பெயரையும் ஜாமீனாக எழுதத் துணிவு உண்டா என்று ஒருகணம் நினைத்துப் பார்க்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறையேனும், தமக்கு ஒன்றும் திருப்பித் தர இயலாத ஒருவருக்காக அந்தச் சீட்டை எழுதட்டும். வெள்ளாற்று முகத்துவாரத்திலிருந்து புறப்பட்ட கப்பல்கள் மறைந்துவிட்டன. அவற்றை அனுப்பிவைத்த சொல் மறையாமலிருக்க வேண்டும்.